இ-பாஸ் காலம்

2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் தேசமெங்கும் ஊரடங்கு என்று அறிவித்தபோது, ஜனங்களுக்குக் கிடைத்த அவகாசம் நான்கே மணி நேரம். ரயில்களோ அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தன.

பின்னர் நம் ராஜ்யத்தில் ஜில்லா விட்டு ஜில்லா போவதற்கு இ-பாஸ் வந்தது. கல்யாணம், மரணம், அவசர வைத்தியம் ஆகியவையே பிரயாணத்துக்குத் தக்க காரணங்கள் என்று சர்க்கார் வெகுகாலம் நிர்ணயித்திருந்தபடியால், வயோதிகத் தாயாரைச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்கிற சாதாரண ஆசைக்கு விண்ணப்பத்தில் இடமே இல்லாமல் போயிற்று. காரணத்துக்கு அத்தாட்சி இணைக்க வேண்டுமாம். உயிரோடிருப்பவரைப் பார்ப்பதற்கு எந்த அத்தாட்சியை இணைப்பது?

நோயைத் தடுக்கும் அவசியத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், 1897இல் பம்பாய்ப் பிளேக்கை முன்னிட்டு வெள்ளைக்காரர் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டம் இக்கட்டுப்பாடுகளுக்கும் ஓர் ஆதாரமாக இருந்தது, யோசித்தால், விசித்திரந்தான்.

ஆகஸ்டு 17 முதல் ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரத்தோடு தொலைபேசி எண்ணும் கொடுத்து விண்ணப்பித்தால் எல்லாருக்கும் உடனே பாஸ் என்றார்கள். எல்லாருக்கும் கிடைக்கிற அனுமதிக்கு அனுமதி என்று ஏன் பெயர்? செப்டம்பர் 1 முதல், ஜில்லாக்களுக்கிடையே அதுவும் ரத்தாயிற்று; வெளி மாநிலத்திலிருந்து வருவோருக்கு நீடித்தது.