ஒரு பிடி அரிசி

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமம். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அது கோயில் காணிக்கை. வெளியூர் ஊழியத்துக்குப் போகும். 1903-லேயே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியவர்கள் எங்கள் முன்னோர். 'மிஷன்' என்றாலே தொலைதூரம் என்றுதான் நாங்களும் வளர்ந்தோம்.

போன மாதம் சபைக் கூட்டம். கோபுரத்தை உயர்த்திக் கட்டலாமா என்று பேச்சு. சென்னையிலிருந்து போயிருந்த நான், முதல் ஆளாக 50,000 ரூபாய் தருவதாகச் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்தார்.

"ஐயா, மணிச்சத்தம் எங்க வீடு வரைக்கும் நல்லாத்தான் கேக்கு. கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரத்தான் ஆளில்ல. பிள்ளைகள்லாம் வெளியூர்ல இருக்கு."

யாரும் பேசவில்லை. குருவானவர் ஒரு தாளை எடுத்து, தனியாக இருக்கும் முதியவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். மொத்தம் 17 பெயர்கள். ஒன்பதாவதாக யாரோ என் அம்மாவின் பெயரைச் சொன்னார்கள். நான் தலை நிமிரவில்லை.

கோபுரம் தள்ளிப்போனது. ஞாயிறுதோறும் முதியவர்களை அழைத்துவர ஆட்டோ. வாரம் இருமுறை வீடு தேடிப் போய்ப் பார்க்க வாலிபர்கள் என்று முடிவானது. "வெளியூர் ஊழியக் காசுல மட்டும் கை வைக்காதீங்க" என்றும் அந்தப் பாட்டியே சொல்லிவிட்டார்.

என் பணத்தை ஆட்டோவுக்கு மாற்றிக் கொடுத்தேன். இனி மாதம் ஒருமுறை வருவதாக அம்மாவிடம் சொன்னேன். அவர் உலை வைத்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளுக்கான சமையல்தான். அதிலும் ஒரு பிடி அரிசி தனிப் பானைக்குப் போனது.