தவணையும் திதியும்

விழா மலரிலே மரணத்தைப் பற்றி எழுதுதல் தகுமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். கல்லூரி தொடங்கிய நாளை ஒருவர் குறித்து வைத்தமையாலன்றோ இன்று நாம் விழா எடுக்கின்றோம்! நாளைக் குறித்தலின் அருமையை எனக்கு உணர்த்தியது ஒரு மரணமே.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, தெஹிவளையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, என்னை இக்கல்லூரியிற் சேர்த்தவர் என் அன்னையார். அவர் அதே தெஹிவளையில், எம் இல்லத்திலே, ஒரு வைகறையிற் சிவபதமடைந்தார். அழுவதற்கும் பொழுது வாய்க்கவில்லை. வைத்தியரின் சான்று, கிராம உத்தியோகத்தரின் உறுதி, பதிவாளரின் பதிவு என ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களைத் தேடி அலைந்தேன்.

வீட்டில் நிகழும் மரணத்தை ஐந்து நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவித்தல் உறவினரின் கடமை என்பது நம் நாட்டுச் சட்டம். மூன்று மாதம் கடந்துவிடின் தாமதப் பதிவுக்கெனத் தனி விண்ணப்பமும் சத்தியக்கூற்றும் வேண்டும். அத்தாட்சிப் பத்திரம் கைக்கு வந்த பின்னரும் வேலை முடிவதில்லை. அன்னையார் பெற்றுவந்த விதவைகள் ஓய்வூதியத்தை நிறுத்துமாறு அறிவித்தல் வேண்டும். வங்கிக்கும் அறிவித்தல் வேண்டும்.

பத்திரங்களைப் பரப்பியபோதுதான் ஒன்றைக் கண்டேன். பிறப்பத்திரத்தில் ளகரத்தோடு இருந்த அன்னையின் பெயர் அடையாள அட்டையில் லகரத்தோடு இருந்தது. மாணவர் கொப்பிகளில் இப்பிழையைச் சிவப்பு மையினால் ஆயிரம் முறை சுழித்தவன் நான். என் தாயார் அப்பிழையை ஆயுள் முழுவதும் சுமந்திருந்ததை ஒருநாளும் கண்டிலேன். இரு பெயரும் ஒருவரையே குறிக்குமெனச் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தேன். சாவீட்டில் நின்றவனை இவ்வாறு அலைக்கழிப்பது என்ன சட்டமென்று அன்று உள்ளம் வெதும்பியது.

அவ்வெதுப்பைத் தணித்தவர் என் பெரியம்மா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காகக் கீரிமலைக்குச் சென்றிருந்தோம். முல்லைத்தீவிலிருந்து அவரும் வந்திருந்தார். தீர்த்தமாடி வந்து, கந்தோர்களில் நான் பட்ட பாட்டைச் சொல்லிக் குறைப்பட்டேன். அவர் நெடுநேரம் கடலையே நோக்கியிருந்து, பின் மெல்லச் சொன்னார்:

"தம்பி, கொம்மாவுக்கு நாள் தெரியும், திதி தெரியும். என்ரை பிள்ளைக்கு நான் எந்த நாளிலை விளக்கு வைக்கிறது?"

அவருடைய மகன் 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிற் காணாமற்போனவன்.  2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போய், இறந்தாரெனக் கருதப்படுவோரின் மரணத்தையும் பதிய வழி செய்தது. பெரியம்மா அதற்கு இணங்கவில்லை. காணாத மரணத்துக்குத் தாமே கையொப்பமிடுவது, பிள்ளையைத் தம் கையாற் கொள்ளி வைப்பதற்கு ஒப்பாகுமென அஞ்சினார். 2016ஆம் ஆண்டுத் திருத்தம், காணாமற்போனமைக்கே ஒரு சான்றிதழை வழங்க இடமளித்தது. அத்தாள் சில கருமங்களுக்கு உதவும். ஆயினும் திதியை அது தராது.

அன்றுதொட்டு என் முறைப்பாடு அடங்கிற்று. ஐந்து நாள் என்றும் மூன்று மாதம் என்றும் எண்ணுவதற்கு முதலாம் நாள் ஒன்று வேண்டும். எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் அஃதே தேவை. என்னைத் துரத்திய தவணை, உடலைக் கண்டவனுக்கே கிடைக்கும் பேறு என்பதை உணர்ந்தேன்.

ஒல்லாந்தர் காலத்திலே பிறப்பும் மணமும் இறப்பும் பள்ளித் தோம்புகளில் எழுதப்பட்டன. எழுதியவர் பள்ளி ஆசிரியர்களே. அம்மரபினன் என்ற உரிமையால் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். இளைஞரே, பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே அவர்தம் பத்திரங்களிற் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றதா எனப் பாருங்கள். மறைந்த பழைய மாணவரின் பட்டியலைத் தொகுக்கும் அன்பர்களே, நாளறியாது போனவர்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். திகதிக்குரிய இடம் வெறுமையாக இருப்பினும் இருக்கட்டும். பெயர் மட்டும் பிழையின்றி நிற்கட்டும்.