வாரிக்குள் நாலடி

எங்கள் தென்னந்தோப்பின் மேற்கு வேலி, வரத்து வாரிக்குள் நாலடி தள்ளி நிற்கிறது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆறு வருஷமாக இந்த ஒரு வரியை எழுதாமல் இருப்பதற்காக என்னென்னவோ எழுதியும் பேசியும் திரிந்துவிட்டேன்.

ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். புதுக்கோட்டைச் சீமையில் ஐந்தாயிரத்துக்கும் மேலே கண்மாயும் குளமும் உண்டு. அநேகமாக எல்லாம் மழையை நம்பி வெட்டியவை. மேட்டில் பெய்கிற மழை வாரி வழியே குளத்துக்கு வர வேண்டும், குளம் நிறைந்தால் கலிங்கு தாண்டி அடுத்த குளத்துக்குப் போக வேண்டும். வாரி ஒடுங்கினால் எத்தனை ஆழம் வெட்டினாலும் அது வெறும் பள்ளம். இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது நான் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தேன். மறு வருஷம் தைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பினேன். அந்தக் கோடையில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இளைஞர்கள் தாங்களே காசு போட்டுக் குளங்களைத் தூர்வார ஆரம்பித்திருந்தார்கள். பேராவூரணிப் பெரியகுளத்தில் மண் வெட்டும் படங்கள் எல்லார் போனிலும் சுற்றின. எங்கள் ஊரும் இறங்கியது. வெளிநாட்டுப் பணத்துக்கு நான் பொறுப்பு.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமில்லை, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர் சிலரும் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு தம்பிக்குப் பறவை பார்க்கிற பழக்கம். முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். பழைய இறால் குட்டைகள் இருந்த சதுப்பு அது. 1986இல் பறவை ஆர்வலர்கள் அதைக் காப்பாற்றக் கோரினார்கள். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். இன்றும் குட்டையின் மடையைத் திறந்து மூடி, உள்ளான் கால் பதிக்கிற அளவுக்குச் சேறு தெரியும்படி நீர்மட்டத்தை வைக்கிறார்கள். மடையைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. “எங்க ஊர்லயும் இதே வேலைக்கு ஆள் இருந்தாங்க தம்பி, நீர்க்கட்டின்னு சொல்லுவோம்” என்றேன். அந்தப் பேச்சில் ஆரம்பித்ததுதான் இந்த உறவு.

பணம் வந்ததும் அதை மொய் நோட்டு மாதிரியே எழுதி வைத்தேன். எங்கள் பக்கத்து மொய் விருந்து தெரியாதவர்களுக்கு: ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வருகிறவர் வைக்கும் பணத்தைப் பேரோடு எழுதிக்கொள்வார்கள். அவர் வீட்டு விருந்து வரும்போது திருப்பிச் செய்தே ஆக வேண்டும். செய்யாதவனை ஊர் மறக்காது. சிங்கப்பூர்த் தம்பியின் பேருக்கு நேரே நூறு வெள்ளி என்று எழுதும்போது, இவருக்கு நான் என்ன திருப்பிச் செய்வது என்று நினைத்ததும் உண்டு. நிறைந்த குளம்தான், வேறென்ன.

அவர்கள் கேட்டது இரண்டே. ஓரத்தில் கொஞ்சம் சரிவாக ஆழமில்லாமல் விடுங்கள், கொக்கும் நாரையும் நிற்க வேண்டும். இன்னொன்று, தண்ணீர் வரும் வழியையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

ஓரம் நேராக நெட்டுக்குத்தாக இருந்தால் படத்தில் எடுப்பாகத் தெரிந்தது. அப்படியே வெட்டச் சொன்னேன். நாட்டுக் கருவை, கோரை எல்லாம் போயிற்று. சவுக்கத்தில் வைத்து அறுத்த மாதிரி கரை. குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன.

அடுத்தது வாரி. ஜேசிபி எங்கள் தோப்பு முனைக்கு வந்து நின்றது. ஓட்டுகிற பையன் எட்டிப் பார்த்து, “இந்த எடத்துல வாரி ஒடுங்குதேண்ணே, வேலியைப் பிரிச்சு இழுத்து விட்டுரவா?” என்று கேட்டான். பக்கெட்டின் பல், அப்பா ஊன்றிய கல்லுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்த வரிசையில் பதினொரு தென்னை இருந்தன. கஜாவுக்குப் பிறகு மூன்று. “வேணாம்பா, மணி ஏறிக்கிட்டே போகுது, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். மூன்று மரம்.

வாரிப் படமும் அனுப்பினேன், தோப்பைத் தாண்டி மேற்கே போய் எடுத்தது. அங்கே தைலமரக் காடு. மழைத்தண்ணீர் கீழே இறங்காதபடி வரப்பு போட்டிருக்கிறது. “இதுதான் நம்ம பிரச்சினை” என்று எழுதினேன். பொய்யில்லை. எங்கள் வட்டாரமே அதைத்தான் சொல்கிறது. பாதி உண்மை எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஐப்பசியில் மழை பெய்தது. தண்ணீர் தோப்பு முனை வரை வந்து, முட்டி, ரோட்டை அரித்துக்கொண்டு எதிர்க் கொல்லையில் பாய்ந்தது. குளத்தில் முழங்கால் அளவு. மறு ஜனவரியில் அந்தத் தம்பி மனைவியோடு, கழுத்தில் பைனாகுலரோடு வந்தார். நெட்டுக்குத்துக் கரைமேல் நின்று கீழே பார்த்தார். ஒரு கொக்குகூட இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் கிட்டே வந்து, “இவுக கொல்லை வேலியப் பாத்தியளா தம்பி?” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, “அப்பத்தாவுக்குக் காது மந்தம், வேற என்னத்தையோ சொல்லுது” என்று தம்பியைக் காருக்கு நகர்த்தினேன். அப்பத்தாவுக்குப் பாம்புக்காது. வேலியைவிட அந்த வார்த்தைதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடுவதில்லை.

அதற்குப் பிறகும் வாயை மூடினேனா? பிப்ரவரி 2, உலக ஈரநில தினம், ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் போட்ட ஒப்பந்தம், 1982இல் இந்தியா சேர்ந்தது, நாடுகள் நீரைச் சேர்ந்து காக்க வேண்டும் என்று அதில் இருப்பது, 2018இல் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது எல்லாம் சொன்னேன். மனிதன் வெட்டிய குளத்தையும் ராம்சர் ஈரநிலம் என்றே எண்ணுகிறது, கரைவெட்டி ஏரியும் வடுவூர் ஏரியும் பின்னால் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் 2017ஆம் வருஷத்து நம் ஈரநில விதிகள் பாசனத்துக்கென்று வெட்டிய குளங்களை விட்டுவிடுகின்றன என்று காரசாரமாகக் குறைப்பட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். முன் வரிசையில் எதிர்க் கொல்லைக்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டினாளா என்று பார்க்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது, குழுவில் பேச்சு நின்றது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. தோப்பு அண்ணனுக்கும் எனக்கும் பொது; வேலியை நகர்த்தலாம் என்று போன மாதம் பேச்செடுத்தேன். “ஊர்ல நாம மட்டுமா?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, நாங்கள் மட்டும் இல்லைதான். அம்மா அந்த மூன்று மரத்தைப் பற்றி மட்டும் கேட்டாள்.

நேற்று இரவு வேலியைப் படமெடுத்துச் சிங்கப்பூர்க் குழுவில் போட்டேன், நடந்ததையும் எழுதினேன். நீல டிக் வரிசையாக விழுந்தது. ரொம்ப நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அந்தத் தம்பி மட்டும், “எத்தனை அடிண்ணே?” என்று கேட்டார். நாலு என்று அனுப்பினேன். எங்கள் வீட்டில் எப்போதும் சொல்லிவந்த கணக்கு அது.

இன்று காலை புல வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஐந்தரை.