விலையைக் கேட்பதும் வைத்தியம்தான்

அமெரிக்காவில் முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கும்போது நம்மவர்கள் டாக்டரிடம் எல்லாம் கேட்பார்கள், விலையை மட்டும் கேட்க மாட்டார்கள். உயிர்ப் பிரச்சினையில் காசுப் பேச்சா என்ற கூச்சம். ஊரில் முன்பணம் கட்டும்போதே தொகை ஓரளவு தெரிந்துவிடும். இங்கே பில் வாரங்கள் கழித்துத்தான் வருகிறது. எந்த மருந்து என்று முடிவாகும் அன்றே விலையையும் கேட்டாக வேண்டும் என்பதே என் கட்சி. ஹார்மோன் ஊசியோடு சேர்த்துத் தரும் மாத்திரைகளில் என்சலூடமைடின் பட்டியல் விலை மாதம் 13,000 டாலருக்கு மேல். அபிராடெரோனுக்கு 2018 முதல் ஜெனரிக் உண்டு. இன்சூரன்ஸே இல்லாமல் மாதம் 200 டாலருக்குள் தரும் மருந்தகங்களும் இருக்கின்றன. விலை குறைந்தது மட்டமானதோ என்று பயப்பட வேண்டாம். இரண்டுமே ஆயுளை நீட்டிப்பவை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அபிராடெரோனுடன் ஸ்டீராய்டு எடுக்க வேண்டும், சர்க்கரை நோயாளிக்கு அது சிக்கல். என்சலூடமைடில் சோர்வும் கீழே விழும் அபாயமும் அதிகம். உடல்நிலை எந்தப் பக்கமும் சாயாதபோது பணம் ஒரு நியாயமான காரணம். அபிராடெரோனை வெறும் வயிற்றில் நான்கு 250 மில்லிகிராம் மாத்திரைகளாக எடுப்பதே வழக்கம். கொழுப்புக் குறைந்த காலை உணவோடு ஒரே மாத்திரை எடுத்தவர்களிடமும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தக் குறியீடு அதே அளவுக்குக் குறைந்ததாகக் காட்டிய, 72 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், தானாகச் செய்துகொள்ளவும் கூடாது. ஆனால் கேட்காதவருக்கு இந்த வழி இருப்பதே தெரியாமல் போகும்.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில்தான் நம் கைச்செலவுக்கு உச்சவரம்பு வந்துவிட்டதே என்பார்கள். வந்தது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் 2026இல் 2,100 டாலர் என்ற அந்த வரம்பு, மெடிகேரின் மருந்துப் பிரிவான பார்ட் டி-யில் வாங்கும் மருந்துகளுக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் போடும் ஊசி, கீமோ, புளுவிக்டோ என்ற கதிரியக்க மருந்து எல்லாம் பார்ட் பி என்ற பிரிவு. அதில் நம் பங்கு 20 சதவீதம், அரசே நேரடியாக நடத்தும் மூல மெடிகேரில் அதற்கு உச்சவரம்பே கிடையாது. அதை ஈடுகட்டும் மெடிகேப் பாலிசியை, 65 வயதில் பார்ட் பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கேட்டால் மறுக்க முடியாது. பிறகு கேட்டால் பெரும்பாலான மாநிலங்களில் நோயைக் காட்டி மறுக்கலாம். இங்கே வேலை பார்க்காத, கிரீன் கார்டில் வந்த அப்பாவுக்கோ ஐந்து வருடம் வரை மெடிகேரே இல்லை. விசிட்டர் இன்சூரன்ஸ் ஏற்கெனவே உள்ள நோயைப் பொதுவாகத் தொடாது. அவர் ஒபாமாகேர் சந்தையில் திட்டம் வாங்கலாம், பழைய நோயைக் காட்டி அங்கே ஒதுக்க முடியாது. வந்து இறங்கிய 60 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.