ஆற்றுப் புழுவின் சாட்சியம்

கல்வி கற்றோர் சேற்றில் இறங்கலாகாது என்னும் எண்ணம் நம் மக்களை விட்டு இன்னும் அகலவில்லை. லயத்திற் பிறந்த பிள்ளை நாலெழுத்து ஆங்கிலம் கற்றால், மேசைமுன் அமர்ந்து பேரேடு எழுதுவதே அப்படிப்பின் முடிவென்று கருதுவோரிடையே வளர்ந்து, தோட்டத்துக் கிராணியானவன் யான். ஆகவே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உயிரியற் பட்டம் பெற்ற என் தமக்கை மகள், ஆற்றுப் புழுக்களை ஆராய்வதே தன் மேற்படிப்பு என்றபோது எழுந்த கூக்குரல் எனக்கு வியப்பளிக்கவில்லை. "இவ்வளவு படித்துவிட்டுச் சாக்கடையிலா நிற்கப் போகிறாய், அம்மா? யார் பெண் கேட்டு வருவார்?" என்றார் அவள் தந்தையார். ஆண்பிள்ளையாயிருப்பின் இரண்டாவது வினா எழுந்திராது என்க.

செபராங் பிறையில் ஓடும் ஜூரு ஆறு, பிறைத் தொழிற்பேட்டை எழுந்தபின் கழிவுகளால் கெட்டது. குவாலா ஜூரு மீனவரின் பிழைப்பு குலைந்ததை 1970களில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வெளிக்கொணர்ந்தது. பின்னர் சே சல்மா என்னும் பேராசிரியையும் சல்மான் அல்-ஷமி முதலியோரும் அந்நீரில் வாழும் சிற்றுயிர்களை ஆராய்ந்தனர்.

புழுவை ஏன் ஆராய வேண்டும்? இரசாயனப் பரிசோதனை, நீரை மொண்ட கணத்தின் நிலையை மட்டுமே உரைக்கும். நள்ளிரவில் கழிவைத் திறந்துவிட்டுப் பகலில் தூய்மை காட்டும் ஆலை அதற்கு அகப்படாது. புழுவோ ஆற்றடியில் வாரக்கணக்காய்க் குடியிருப்பது. கல் ஈயின் இளம்புழு பிராணவாயு குறைந்த நீரில் தங்காது. கைரோனமிட் என்னும் கடியாப் பூச்சியினத்திலோ, நம் குருதியிலுள்ளது போன்ற செந்நிறப் பொருளை உடலிற் கொண்ட சில புழுக்கள், அழுகிய சேற்றிலும் செழிக்கும். எது இருக்கிறது, எது மறைந்தது என்று கணக்கெடுப்பதே அவள் தொழில். பேரேட்டுக்காரனாகிய எனக்கு இதில் இழிவொன்றும் தோன்றவில்லை.

செம்பனை ஆலைக் கழிவு நீரிலுள்ள பிராணவாயுவை எவ்வளவு உறிஞ்சலாம் என்பதற்கு 1977ஆம் ஆண்டு விதிகள் வரம்பிட்டன. 1978இல் லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்றிருந்த அவ்வரம்பு, 1984இல் 100 ஆயிற்று. இத்தகைய எண்களைப் படிவத்தில் பெயர்த்தெழுதுவது என் அன்றாட அலுவல். அவை எவ்வுயிரின் மூச்சைக் குறிப்பன என்பதை அவள் காட்டிய வெண்தட்டிலேதான் கண்டேன்.

இப்பொழுது சனிக்கிழமைதோறும் வலையையும் வாளியையும் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தந்தையாரும் உடன் செல்கிறார். பெண்பிள்ளை ஆற்றங்கரையில் தனித்திருக்கலாகாது என்பது அவர் கூறும் காரணம். புழுக்களை எண்ணுவதற்கு அவரே முந்துகிறார் என்பது தமக்கையாரின் புகார்.