அம்மாவோடு அரிசோனா கள்ளிக்காட்டில்

"பாலைவனத்துல பார்க்க என்னம்மா இருக்கு? மணலும் ஒட்டகமும்தானே?"

காரின் பின்னிருக்கையில் இருந்து அம்மா கேட்டார். மடியில் புளிச்சாதப் பொட்டலம்.

தம்பி வேலை செய்வது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில். கடந்த டிசம்பரில் வானொலியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். சொந்தக்காரர்களிடம் சுற்றுலா என்று சொல்லியிருந்தோம். அப்பா தவறியதில் இருந்து அம்மா கிள்ளான் வீட்டில் தனியாக இருக்கிறார். காலை நிகழ்ச்சி காரணமாக நான் தங்கியிருப்பது கோலாலம்பூரில்; ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்க்க முடிகிறது. "அம்மாவை இங்கேயே விட்டுட்டுப் போ அக்கா" என்று தம்பி பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் அதில் சம்மதம்தான். அம்மா மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

பீனிக்சில் இருந்து டூசான் நகருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். நகரைத் தாண்டி, மேற்கே கேட்ஸ் கணவாயில் ஏறி இறங்கும்போது அம்மாவின் பேச்சு நின்றுவிட்டது. மலைச்சரிவு முழுக்க ஆள் ஆளாகக் கள்ளிகள் நின்றன. சில இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, சில ஒற்றைத் தூணாக. இதுதான் சொனோரா பாலைவனத்தின் சவாரோ கள்ளி. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'சகுவாரோ' என்று படிக்கத் தோன்றும். நேரடி ஒலிபரப்பில் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். நேயர்கள் மன்னிக்கவும்.

நாங்கள் போன இடம் அரிசோனா–சொனோரா பாலைவன அருங்காட்சியகம். 1952-இல் திறக்கப்பட்டது. பெயர்தான் அருங்காட்சியகம்; 98 ஏக்கரில், பெரும்பகுதி திறந்தவெளியில், விலங்குகளும் செடிகளும் கலந்து இருக்கும் இடம். நடைபாதை மட்டும் 2 மைல்.

மலைச்சிங்கம் பாறை மேல் படுத்து எங்களைக் கண்டுகொள்ளாமல் தூங்கியது. பன்றிக்குத் தூரத்து உறவான ஹாவலினா கூட்டம் புதரைக் கிளறிக்கொண்டிருந்தது. "நம்ம தோட்டத்துல இது திரிஞ்சிருந்தா விட்டு வச்சிருப்பாங்களா?" என்றார் அம்மா. பிறகு, பயிற்சி பெற்ற பறவைகளைத் திறந்தவெளியில் பறக்கவிடும் காட்சி. ஹாரிஸ் பருந்துகள் குடும்பமாகச் சேர்ந்து வேட்டையாடுபவை. அவை எங்கள் தலைமுடியை உரசுவதுபோல் தாழப் பறந்து போயின. சத்தத்தைப் பிடிக்கலாம் என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினேன். பதிவானது அம்மா போட்ட "ஐயோ!" மட்டும்.

அங்கே தொண்டூழியம் செய்யும் பாட்டி ஒருவர் மேசை மேல் மரக்குடுவை போன்ற ஒன்றை வைத்திருந்தார். மரங்கொத்தி சவாரோவைக் குடைந்து கூடு கட்டும்போது, நீர் வீணாகாமல் இருக்க, கள்ளி அந்தக் காயத்தைச் சுற்றிக் கெட்டியான ஓடு வளர்த்துக்கொள்கிறது. கள்ளி செத்து மக்கினாலும் அந்த ஓடு கிடக்கும். மரங்கொத்தி காலி செய்த பொந்தில் குட்டி ஆந்தைகள் குடியேறும்.

"வெட்டினா பால் வருமான்னு கேளு" என்றார் அம்மா. இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். பால் வராது, உள்ளே நீர் கோத்த சதைதான் என்றார் பாட்டி. அம்மா அந்த ஓட்டைத் தடவிப் பார்த்தார். "நம்ம மரமும் இப்படித்தான். சீவின பட்டையைத் திரும்ப வளர்த்துக்கும்." மொழிபெயர்த்துச் சொன்னேன். பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதல் எட்டு ஆண்டுகளில் சவாரோ வளர்வது ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். பெரும்பாலும் வேறொரு மரத்தின் நிழலில்தான் பிழைத்து வரும். கை முளைக்க 50 முதல் 75 ஆண்டுகள். வறண்ட இடத்தில் இன்னும் அதிகம். 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். டூசானில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழை 300 மில்லிமீட்டர்கூட இருக்காது. கிடைத்த மழையை, பூமிக்கு மேலாகப் படர்ந்திருக்கும் வேர்களால் உறிஞ்சி, மடிப்பு மடிப்பான உடம்பை விரித்துச் சேமித்துக்கொள்கிறது.

தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டு வாசலில் கை முளைத்த பெரிய கள்ளி ஒன்றை வாங்கி நடலாமா என்று கேட்டான். பாட்டி தலையை ஆட்டினார். அனுமதிச் சீட்டு இல்லாமல் பெயர்ப்பது சட்டப்படி குற்றம். முறையாக வாங்கினாலும், பெரியதைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது சந்தேகம். சேர்த்து வைத்த நீரில் சில ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். அப்புறம்தான் சாகும். சின்னதாக வாங்கி நடுங்கள் என்றார்.

இதையும் மொழிபெயர்த்தேன். பாதியில்தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

"சின்னதுலேயே தூக்கிட்டு வந்தாத்தான் வேர் புடிக்கும்போல" என்றார் அம்மா.

நிழலில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். தம்பிதான் தயங்கித் தயங்கித் தொடங்கினான். "அம்மா, நீங்க இங்கேயே..."

"என் வாழையை யாரு பார்ப்பா?"

"அங்கதான் மழை கொட்டுதேம்மா. தண்ணிகூட ஊத்த வேணாம்."

"மழை பெய்யும். குலை தள்ளினா யாரு வெட்டுறது?"

தம்பி சிரித்துவிட்டான். கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். "வருசத்துக்கு ஒரு தடவை வரேன்டா. முட்டி வலிக்காத வரைக்கும்" என்றார் அம்மா.

திரும்பி வந்ததும் ஒரு மாற்றம் செய்தேன். இப்போது புதன்கிழமையும் நிகழ்ச்சி முடிந்த கையோடு கிள்ளானுக்குப் போய்விடுகிறேன். போன வாரம் வாழைக்குலையை நான்தான் வெட்டினேன்.

நீங்கள் போவதாக இருந்தால்: குளிர்காலம்தான் சுகம், ஜூனில் வெயில் தாங்காது. பறவைக் காட்சியும் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும் குளிர்ந்த மாதங்களில்தான். காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பெரியவர்களைக் கூட்டிப் போனால் மெதுவாக நடங்கள். அவர்கள் கேட்பதை எல்லாம் மொழிபெயர்த்துக் கேளுங்கள்.