குன்றில் ஒரு குடியிருப்பு

கரடி என்றதும் பனிமலைகளும் அடர்ந்த காடுகளும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் நமக்கோ அது தொலைதூரத்து உயிர் அன்று. வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளிலும் தெற்கே சவ்வாது மலையிலும் அது குடியிருக்கிறது. தோல் தொழிற்சாலைகளின் சங்கொலி எட்டும் தொலைவில், நாம் அறியாத ஓர் அண்டைவீடு.

உலகில் கரடி இனங்கள் எட்டு. வெண்கரடிக்குக் கடற்பனி வேண்டும். பாண்டாவுக்கு மூங்கில் காடு வேண்டும். இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் வாழும் நம் தேன்கரடிக்கோ வெயில் காயும் புதர்க்காடும் இலையுதிர் காடும் போதும். பகலில் படுத்திருக்கப் பாறை இடுக்கு, இரவில் தோண்டக் கறையான் புற்று, பருவத்திற்கேற்ற பழம், அருகே சிறிது நீர் ஆகியவையே அதன் தேவைகள். மேல்வரிசையில் அதற்கு முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாகவே புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி உண்ணுகிறது. மார்கழி, தை மாதங்களை ஒட்டிக் குகையில் குட்டிகளை ஈன்று, பின்னர் அவற்றை முதுகில் சுமந்து திரிகிறது.

அதன் விருப்ப உணவுகளுள் ஒன்று கொன்றைப் பழம். அதே கொன்றையின் பட்டையும் ஆவாரம்பட்டையும்தான் ஒரு காலத்தில் நம் தோல்களைப் பதப்படுத்தின. பட்டைக் கட்டுகள் வண்டி வண்டியாக வந்திறங்கியதை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னர் வாட்டில் பட்டையும் குரோமியமும் வந்தன. காட்டை நாம் மறந்தோம். நம் ஊர்களுக்குச் சோறிட்ட புதர்க்காடே கரடிக்கும் சோறிட்டது என்பதை எண்ணுகையில் நெஞ்சில் ஒரு நன்றியுணர்வு எழுகிறது.

ஆயினும் அச்சமும் உண்மையே. கரடிக்கு மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். புற்றைத் தோண்டும் மும்முரத்தில் மனிதர் நெருங்குவதை அது உணர்வதில்லை. திடுக்கிட்டதும் பாய்ந்து முகத்தையும் தலையையும் கிழித்துவிடுகிறது. துன்புறுவோர் பெரும்பாலும் விறகுக்கும் ஆடு மேய்க்கவும் செல்லும் ஏழைகளே. மலையடிவாரத்தில் விறகு சுமந்து வந்த மூதாட்டி ஒருவரிடம், “பயமில்லையா அம்மா?” என்று கேட்டேன். “அது ஊட்டாண்ட நாமதானே போறோம், ஐயா? கொரல் குடுத்துக்கினே போனா அதுவே ஒதுங்கிப் பூடும்” என்றார்.

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆனால் பாறைகள் உடைபட்டு, பழமரங்கள் வெட்டுண்டு, சுனைகள் வற்றிய குன்றில் சட்டம் மட்டும் எதைக் காக்கும்? உணவும் நீரும் தேடி விலங்கு கீழே இறங்கும்போது, “கரடி ஊருக்குள் புகுந்தது” என்கிறோம்.

அன்பு வாசகரே, குன்றின் பாறையும் கொன்றையும் சுனையும் அங்கேயே நிலைக்கட்டும். விடியலிலும் அந்தியிலும் தனியே அங்குச் செல்வதைத் தவிர்ப்போம். செல்ல நேர்ந்தால் நாலு பேராய்ப் பேசிக்கொண்டு செல்வோம். கரடியின் குடியிருப்பு காக்கப்படும் இடத்தில்தான் விறகுக்குப் போன தாயும் நலமாய் வீடு திரும்புவாள்.